மூன்றரை ஆடு

சைராகுலுக்குத் தராசு என்றாலே சந்தேகம். அத்-பாஷி சந்தைக்குப் போகும்போது பையில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் போவாள். மாவுக்காரனோ அரிசிக்காரனோ, முதலில் அந்த உப்பைத் தராசில் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. உப்புப் பொட்டலத்தில் சரியாக ஒரு கிலோ இருக்கிறது என்று யார் பார்த்தது என்று அவள் கணவன் எமில்பெக் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டுவிட்டான். அன்றிலிருந்து அவளுக்கு உப்பின் மீதும் சந்தேகம் வந்துவிட்டது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். கெட்டிக்காரி, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பையன்களின் வீட்டுப்பாடத்தைத் திருத்துகிற அதே கண்ணால் அக்கம்பக்கத்தையும் உறவையும் திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாரையும்விட அவள் கண் அதிகம் மேய்ந்தது ஓரகத்தி ஜூராவின் மேல். ஜூரா எமில்பெக்கின் அண்ணன் தொக்தோசுனின் மனைவி, இரண்டு வீடு தள்ளி இருந்தாள். எப்போதோ ஒரு குளிர்காலத்தில், ஆட்டின் இரைப்பையில் அடைத்து வைத்த வெண்ணெயைச் சைராகுலிடம் கைமாற்றாக வாங்கிப் போனாள். கோடையில் திருப்பிக் கொடுத்தாள். கையில் வாங்கியதுமே இது இளைத்திருக்கிறது என்று சைராகுலுக்குப் பட்டது. நிறுத்துக் கொடுக்காததால் நிரூபிக்க வழியில்லை. நிரூபிக்க முடியாத சந்தேகம் லேசில் சாகாது, உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டே இருக்கும்.

அந்த இலையுதிர்காலத்தில் அவள் மகள் பெகிமாயைக் கேட்டு கோச்கோரிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் நல்லவன், பெகிமாய்க்கும் பிடித்திருந்தது. சனிக்கிழமை உறுதி செய்ய வருகிறோம், பெரியவர்கள் ஏழு பேர் வருவார்கள் என்று பையனின் அம்மா ராய்கான் போனில் சொன்னாள். போனை வைத்ததும் சைராகுலின் மனசு ஆட்டின் இடுப்புக்குப் போனது.

சம்பந்தம் பேச வரும் பெரியவர்களுக்கு ஆளுக்கோர் இடுப்பெலும்பு வைத்தாக வேண்டும். இளையவர்களுக்கு விலா, முதுகெலும்பு என்று எது வைத்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். பெரியவர் தட்டில் எலும்பு மாறிப்போனால் வம்பு. கீழ்த்தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஒரு பெரியவருக்குக் கழுத்தெலும்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவர் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார், அவரோடு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அந்தப் பெண் இன்னும் அப்பன் வீட்டில்தான் மாடு கறக்கிறாள்.

ஆட்டுக்கு இடுப்பெலும்பு இரண்டு. பெரியவர்கள் ஏழு பேர். ஏழை இரண்டால் வகுத்தாள். மூன்றரை ஆடு.

நாலாக அடித்துவிடலாம் என்றான் எமில்பெக். மந்தை இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. வீட்டுத் தொழுவத்தில் இருந்தது மூன்று கிடாயும் ஒரு சினை ஆடும்தான். சினை ஆட்டின் மேல் கத்தி வைக்கவா என்று அவள் கேட்டதும் அவன் வாயை மூடிக்கொண்டான். அண்ணன் வீட்டில் வெள்ளிக்கிழமை எப்படியும் ஒரு கிடாயை அடிக்கப் போகிறார்கள், அதில் பாதியைக் கேட்டு வாங்கலாம், மந்தை வந்ததும் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவளே வழியும் சொன்னாள்.

இதுவரை எல்லாம் சரிதான். ஆனால் பாதி என்றதுமே வெண்ணெய் ஞாபகம் வந்துவிட்டது. எடை போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள் என்று கணவனிடம் சொன்னாள். அண்ணனிடம் போய் அப்படிக் கேட்க என் நாக்கு புரளாது என்று எமில்பெக் கையை விரித்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆட்டைக் கோடாலியால் பிளக்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை, மூட்டு மூட்டாகப் பிரித்துத்தான் பங்கு வைப்பார்கள். உறவுக்குள் பங்கு வைத்த கறியைத் தராசில் ஏற்றியவர் அந்த ஊரில் யாரும் கிடையாது. ஆகவே சைராகுலே ஜூராவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. தராசுல வச்சு சரிபாதியா குடுக்கச் சொல்லுங்க. நாளைக்கு நான் திருப்பித் தர்றப்போ உங்களுக்கும் கணக்கு சுலபமா இருக்கும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரி சைரா. தராசுலேயே வச்சுக் குடுக்கறோம்” என்றாள் ஜூரா. அந்த மௌனம் ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது என்று சைராகுல் தூங்குகிறவரை யோசித்தாள். கள்ளம் இல்லாதவள் ஏன் தயங்க வேண்டும்?

சனிக்கிழமை காலையிலும் பள்ளிக்கூடம் உண்டு. ஆறாம் வகுப்புக்கு அன்றைய பாடம் முழுக்கள். கரும்பலகையில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் பூஜ்யத்தை வைத்து, வலது பக்கம் ஒன்று, இரண்டு என்றும் இடது பக்கம் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்றும் எழுதினாள். குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மைனஸைப் புரியவைக்க வேண்டியதே இல்லை, வரும்போதே மூக்கு நுனியில் கொண்டுவருவார்கள். அன்று காலை வெளியே மைனஸ் ஆறரை. அந்த ஆறரை இந்தக் கோட்டில் எங்கே என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

“மைனஸ் ஆறுக்கும் மைனஸ் ஏழுக்கும் நடுவுல. கோட்டுல அதுக்கு இடம் உண்டு, ஆனா முழுக்கள் கூட்டத்துல கிடையாது. அரை டிகிரி குளிர் அடிக்கும். அரை ஆடு மேயுமா?”

வகுப்பு சிரித்தது. எங்கள் அப்பா போன வாரம் பாதி ஆடு வாங்கிவந்தாரே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது ஆடு இல்லை, கறி என்றாள் சைராகுல். கறியை நிறுக்கலாம், எத்தனை சின்னதாக வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆட்டை எண்ணத்தான் முடியும். எண்ணுகிற சமாச்சாரத்தையும் அளக்கிற சமாச்சாரத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் கணக்கு உங்களைக் கைவிட்டுவிடும் என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டாள். டீச்சர் சொன்னதைப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். டீச்சர்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

மதியம் அவள் வீடு திரும்பியபோது முற்றத்துச் சமையல் கொட்டகையில் இரண்டு கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. மூன்று ஆட்டின் கறியும் அண்ணன் காலையில் கொண்டுவந்த பாதியும் ஏற்கெனவே உள்ளே போயிருந்தன. எடை போட்டாரா என்று கேட்டாள். போட்டார், நேற்றுச் சாயங்காலம் முழுக்கக் கொக்கித் தராசைத் தூக்கிப் பிடித்ததில் தோள் வலிக்கிறது என்றார் என்றான் எமில்பெக். அண்ணன் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் சொன்னான். எடை சரியாக இருந்தால் முகம் எப்படி இருந்தால் என்ன என்று அவள் உடை மாற்றப் போனாள்.

சம்பந்திகள் வந்து இறங்கினார்கள். ஏழு பெரியவர்கள், ஏழு உயரத் தொப்பிகள், பின்னால் இளைஞர்கள், ராய்கான். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கும் ஜாமும் தேநீரும் ஓடின. பெகிமாய் குனிந்த தலை நிமிராமல் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஜூரா வந்தாள். பெரிய சால்வைக்குள் ஒரு பையை இடுக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக வராமல் தொழுவத்தைச் சுற்றி நேராகச் சமையல் கொட்டகைக்குப் போனாள்.

விருந்துக்கு வருகிறவர்கள் மீந்ததை வீட்டுக்கு எடுத்துப்போகப் பை கொண்டுவருவது வழக்கம்தான். ஆனால் வரும்போது அந்தப் பை காலியாக அல்லவா இருக்க வேண்டும்? சைராகுலுக்கு மூக்கில் வியர்த்தது. ஏதோ சாக்கில் கொட்டகைக்குப் போனாள். ஜூரா கொப்பரைப் பக்கம் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், இவளைக் கண்டதும் விலகினாள். பை மூலையில் ஆணியில் தொங்கியது. இரண்டாம் முறை போனபோது பை ஆணியில் இல்லை, மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. துணியில் எண்ணெய்க் கறை. இதில் என்ன அக்கா என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன், நீ போய் விருந்தாளியைக் கவனி என்றாள் ஜூரா.

கறியை எடுக்கும் நேரம் வந்தது. எமில்பெக் பெரிய கரண்டியால் துண்டு துண்டாக எடுத்துத் தாம்பாளங்களில் போட, அவள் பக்கத்தில் நின்று எண்ணினாள். முதல் கொப்பரையில் நாலு இடுப்பெலும்பு. இரண்டாவதில் ஒன்று. இன்னொன்று. பிறகு விலா வந்தது, முதுகெலும்பு வந்தது. “என்ன இது, தோள்பலகையா வந்துக்கிட்டே இருக்கு” என்று எமில்பெக் முணுமுணுத்தான். அவள் காதில் அது ஏறவில்லை. கரண்டியைப் பிடுங்கி அடிவரை துழாவினாள். கொப்பரையில் எலும்பே மிச்சமில்லை.

ஆறு. ஏழுக்கு ஒன்று குறைகிறது. கரும்பலகையாக இருந்தால் மைனஸ் ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். இங்கே அந்த மைனஸ் ஒன்று உயரத் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆறு பேருக்கு இடுப்பை வைத்து ஏழாமவருக்கு எதை வைப்பது? இடுப்பெலும்பை வெட்டி இரண்டு பேருக்கு வைத்தால் அது ஒருவருக்கும் வைத்ததாகாது, இருவரையும் அவமதித்ததாகும். பெகிமாய் தேநீர் ஊற்றிய கை அவள் கண்முன்னால் வந்தது. கீழ்த்தெருப் பெண்ணும் வந்தாள். சைராகுலுக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயம் அப்படியே கோபமாகத் திரும்பியது.

நாய் தொழுவத்துக்குப் பின்னால் சங்கிலியில் கிடந்தது. எமில்பெக் திருடத் தெரியாதவன். மூத்தார் காலையில் வந்து போனவர், திரும்ப வரவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள், ஒரே பை.

ஜூரா மாவு டப்பாவுக்கு முன்னால் நின்றிருந்தாள். சைராகுல் நேராக அவளிடம் போனாள்.

“பையைத் திறங்க அக்கா.”

“மெதுவா பேசு. நானே குடுக்கத்தான் நின்னுக்கிட்டிருக்கேன். எமில் வெளிய போகட்டும்.”

“அவருக்குத் தெரியாம என்ன குடுக்கப் போறீங்க? என் பொண்ணு வாழ்க்கை அங்க உக்காந்திருக்கு.”

கையை விலக்கி, பையை இழுத்து, முடிச்சை அவிழ்த்துக் கைவிட்டாள். சூடாக இருந்தது. துணியைப் பிரித்ததும் கொழுத்த இடுப்பெலும்பு ஒன்று கையோடு வந்தது. அதே நேரம் வாசலில் நிழல் விழுந்தது. கை கழுவ வெந்நீர் கேட்க வந்த ராய்கான் அங்கேயே நின்றுவிட்டாள். சைராகுல் அவளைப் பார்த்தாள், பார்த்தும் நிறுத்தவில்லை. கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் கண்ணை மறைத்திருந்தது.

“வெண்ணெயோட நிறுத்தியிருக்கலாமே அக்கா” என்றாள்.

எமில்பெக் கரண்டியைக் கீழே வைத்தான். ஜூரா முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. அவள் பையைப் பார்த்தாள். சைராகுலும் பார்த்தாள். பை இன்னும் கனத்துத் தொங்கியது. கைவிட்டாள். இன்னொரு துணி, இன்னொரு இடுப்பெலும்பு.

காணாமல் போனது ஒன்று. பையில் இருந்தது இரண்டு.

கணக்கு டீச்சருக்கு இதைக் கூட்டிக் கழிக்க நேரம் ஆகுமா? அவள் கண் தாம்பாளங்களுக்குப் போனது. இவ்வளவு நேரம் பார்க்காத தோள்பலகைகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எட்டு. மூன்றரை ஆட்டில் ஏழு இருக்க வேண்டிய தோள்பலகை எட்டு இருந்தது, ஏழு இருக்க வேண்டிய இடுப்பு ஆறு இருந்தது. அவளுக்கு வந்த பாதியில் இரண்டு தோள் இருந்தது, இடுப்பே இல்லை. பையில் இருந்தவை இந்த வீட்டு எலும்புகள் இல்லை.

ஜூரா மெதுவாகத்தான் பேசினாள்.

“எடை கேட்டே, எடை குடுத்தோம். எப்பவும்போல வலப்பக்கம் ஒருத்தருக்கு, இடப்பக்கம் ஒருத்தருக்குன்னுதான் அவரு பிரிச்சாரு. கொழுப்பு வாலு ஒண்ணுதானே சைரா, கனமான அதை எந்தப் பக்கம் வச்சாலும் முள்ளு சாஞ்சுது. அதை ஈடு கட்ட இதை எடுத்து அங்க, அதை எடுத்து இங்கன்னு மாத்தி மாத்தி, முள்ளு நேரா நின்னப்போ முன்பக்கம் பூரா உன் பங்குல இருந்துது. கிராம் பிசகல.”

“அக்கா…”

“காலையில பாத்தா ரெண்டு இடுப்பும் எங்க வீட்டு ஆணியில தொங்குது. ஏழு பேருன்னு எமில் சொன்னது ஞாபகம் வந்துச்சு. உடனே அடுப்புல போட்டேன். உனக்குத் தெரியாம கொப்பரையில போட்டுடலாம்னு பாத்தேன், நீ வந்து வந்து நின்னுக்கிட்டே இருந்தே, ஆம்பளைங்க முன்னால உன்னைக் குறைச்சுக் காட்ட வேண்டாம்னு நினைச்சேன்.”

எமில்பெக்தான் கேட்டான், குறைந்தது ஒன்றுதானே அண்ணி, ஏன் இரண்டையும் வேகவைத்தீர்கள் என்று.

“ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வந்தா, இன்னொண்ணு எங்கன்னு உன் பொண்டாட்டி கேப்பாளே.”

சொல்லிவிட்டு ஜூரா சால்வையைப் போர்த்திக்கொண்டு, வந்த வழியே தொழுவத்தைச் சுற்றிப் போய்விட்டாள். பை சைராகுலின் கையிலேயே இருந்தது. ராய்கான் வெந்நீர்க் கூஜாவைத் தானே எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

ஏழு பெரியவர்களுக்கும் ஏழு இடுப்பெலும்பு போனது. யாரும் கத்தியை உறையில் போடவில்லை. வால்கொழுப்பும் ஈரலும் இரு பக்கத்தாரும் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டார்கள், சம்பந்தம் உறுதியானது. மூத்த பெரியவர் கறியின் பதத்தை மெச்சினார். தோள்பலகைக் கறியைத் தனியாகத் தின்னக் கூடாது என்பதால் எட்டும் கைமாறிக் கைமாறி எல்லார் வாய்க்கும் போனது. ஜூரா எங்கே என்று யாரோ கேட்டார்கள். மாடு கறக்கப் போயிருக்கிறாள் என்றான் எமில்பெக், மனைவியின் பக்கம் திரும்பாமல்.

கிளம்பும்போது ராய்கான் வாசலில் நின்றாள். பெகிமாயை அவள் கட்டிப்பிடித்து முத்தமிட்டதில் குறையில்லை. பிறகு சைராகுலிடம் வந்து, தன் பங்குப் பையின் முடிச்சைத் தானாகவே அவிழ்த்து, உள்ளே இருப்பது தெரியும்படி விரித்துக் காட்டினாள். சைராகுல் பார்த்தாளா என்று உறுதி செய்துகொண்டு மறுபடி முடிந்து, வண்டியில் ஏறினாள். பெகிமாய் அம்மாவைப் பார்த்தாள். நாளைக்கு அந்த வீட்டில் வாழப் போகிறவள் அவள்தான். சைராகுலுக்கு அந்த முற்றத்திலேயே புதைந்துபோகலாம் போல இருந்தது.

எட்டாவது இடுப்பெலும்பு மீந்திருந்தது. அதை யாருக்கும் வைக்கவில்லை, யாரும் தொடவில்லை. வெளிச்சம் போவதற்குள் அதை ஒரு கிண்ணத்தில் வைத்து, ஜூராவின் பையைத் துவைத்து மடித்து மேலே போட்டு, சைராகுல் இரண்டு வீடு தாண்டிப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தாள். முழுக்களைப் பற்றி அவளுக்கு ஒரு மணி நேரம் பேசத் தெரியும். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் வரவில்லை.

ஜூரா தொழுவத்தில் மாட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தலையைத் திருப்பவில்லை, பால் வாளியில் விழும் சத்தமும் நிற்கவில்லை.

“அக்கா, இது உங்களுது. கொண்டு வந்திருக்கேன்.”

ஜூரா கிண்ணத்தை ஒரு தரம் பார்த்தாள்.

“எடை போட்டுட்டியா?” என்றாள்.

சைராகுலுக்குக் கிண்ணத்தைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை, திரும்பிப் போகவும் கால் வரவில்லை. ஜூரா கறந்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.